பட்டாவில் ஏறிய பாட்டு

தொண்டாமுத்தூரில் எந்த வீதியில் நின்று மேற்கே பார்த்தாலும் பார்வை மலையில் போய்த்தான் முட்டும். வெள்ளியங்கிரியும் அதன் உடன்பிறந்த குன்றுகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்த நெடிய வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று சிறுபிராயத்தில் நாங்கள் கேட்டால், "அதுக்கு அந்தப் பக்கம் மலையாளம் கண்ணு" என்று சொல்லிப் பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள். நாங்கள் குடிக்கும் தண்ணீரே அந்தப் பக்கத்துச் சிறுவாணி அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சாடிவயல் பக்கமாக இறங்கி வருகிறது என்பதும், இன்றைய அணைக்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1973-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன என்பதும் பாடப்புத்தகத்தின் உதவியில்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தன. அந்தத் தண்ணீர் ஊறும் மலைகளின் மேல் மனிதர்கள் வசிக்கிறார்கள், அவர்கள் பாடுகிறார்கள், பாடினால் அந்தப் பாட்டு நமக்கும் அர்த்தமாகும் என்பதுதான் தெரியாமலே போயிற்று. தண்ணீருக்குச் சுரங்கம் வெட்டியவர்கள் பாட்டுக்கு ஒன்றும் வெட்டவில்லை.

2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அடுத்த மாதமே உலகம் கதவடைக்கப் போகிறதென்பதை அறியாமல் எல்லோரும் அவரவர் காரியத்தில் மூழ்கியிருந்த நாட்களில், 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தின் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுவந்து, "மாமா, இதக் கொஞ்சம் கேளுங்க" என்று என் தங்கை மகன் என் காதருகே வைத்தான். மலையாளப் பாட்டு என்று அவன் சொன்னதனால், தெரியாத பாஷையைக் கேட்கிறவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வானோ அப்படி வைத்துக்கொண்டு நானும் கேட்க ஆரம்பித்தேன். இரண்டாவது அடி வருவதற்குள் அந்த முகம் கலைந்துவிட்டது. வாத்தியங்களெல்லாம் மரியாதையோடு பின்வாங்கி நிற்க, வயதான ஒரு பெண்ணின் குரல், எங்கோ பூத்து நிற்கும் மரத்தைக் காணவும் ஆகாயத்தில் போகும் விமானத்தைக் காணவும் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தது. அழைத்த மொழி என் பாட்டியினுடையதைப் போலவே இருந்தது. 'மலையாளப் படம்' என்ற பெயரோடு வந்த அந்தப் பாட்டைக் கேரளத்தார் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடும். மலைக்கு இந்தப் பக்கத்தில், வெங்காயக் காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்த நான் விளக்கம் இல்லாமலே கேட்டேன்.

பாடியவர் நஞ்சியம்மா. பாட்டை எழுதியவரும் அவரே என்று படத்தின் பெயர்ப்பட்டியல் சொல்லிற்று.

அந்தப் பெயரிலேயே எனக்கு ஓர் உறவு தட்டுப்பட்டது. நஞ்சுண்ட சிவனை நினைத்து நஞ்சப்பன் என்றும் நஞ்சம்மாள் என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடுவது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலை எந்தப் பக்கம் புரட்டினாலும் அந்தப் பெயர் இரண்டாவது கண்ணில் படும். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதில், உறவு பெயரோடு நிற்கவில்லை. அவர் பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே, ஆனைக்கட்டிப் பக்கத்து ஆலங்கண்டிப்புதூரில். வாழ்க்கைப்பட்டுப் போனது அட்டப்பாடியின் நக்குப்பதி ஊருக்கு. கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக முப்பது கிலோமீட்டர் போனால் ஆனைக்கட்டி. அங்கே கொடுங்கரைப் பள்ளம் என்ற சிற்றாறு இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. கோடைகாலத்தில் ஆடுகளும் நனையாமல் தாண்டிவிடக்கூடிய அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போன ஒரு பெண் கேரளத்தின் பாடகியாகிவிட்டார். நீலகிரியில் பிறந்து அட்டப்பாடிக்குள் புகுந்து, அங்கே கிழக்கு நோக்கித் திரும்பி மறுபடியும் நம்மிடமே வந்து சேர்கிற பவானி ஆற்றை மட்டும் நாம் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்முடைய ஆறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நஞ்சியம்மா இருளர் குலத்தவர். அட்டப்பாடியில் முடுகரும் குறும்பரும் உண்டு. எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இருளர். மலைக்கு இந்தப் பக்கத்திலும், தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய சீங்கப்பதி, கல்கொத்திப்பதி, தாணிக்கண்டி, மடக்காடு, பட்டியார்கோவில்பதி முதலிய ஊர்களில் இருக்கிறவர்கள் அதே ஜனங்கள்தாம். அவர்களுடைய மொழியைச் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த தமிழறிஞர் கமில் ஸ்வெலபில் பல வருஷங்கள் ஆராய்ந்து, 1973 முதலாகத் தனி நூல்களாகவே எழுதினார். தமிழோடு மிக நெருங்கியிருந்தும் தனக்கென்று ஓர் ஒலி வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் மொழி அது. நம் வாயில் முன்னும் பின்னுமாக எழும் உயிரொலிகள் சில அவர்கள் வாயில் நாக்கின் நடுவில் வந்து நிலைகொள்கின்றன. அதனால் நமக்குப் பழகிய சொல்லே சற்றுப் புகைபடிந்த குரலில் கேட்பதுபோல் இருக்கும். பிராகாவிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டதை, அதே மலையின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் பண்ணிக்கொண்டிருந்த நாங்கள் கேட்கவில்லை. நெல்லிக்காயும் தேனும் சீமாரும் கொண்டுவந்து சந்தையில் வைத்து விற்ற அந்தப் பெண்களிடம் விலையைத் தவிர வேறு எதையுமே நாங்கள் கேட்டதில்லை என்பதை எழுதும்போது எனக்கு மனம் கூசுகிறது.

பள்ளிக்கூடம் போகாமல், ஆடுமாடு மேய்த்து வளர்ந்து, மூத்தவர்கள் பாடக் கேட்டே பாட்டுக் கற்றுக்கொண்டவர் நஞ்சியம்மா. இந்த ஒரு வாக்கியத்தை அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுகிறார்கள், இரக்கத்தோடு எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரக்கப்பட ஒன்றும் தோன்றவில்லை. மலைச்சரிவில் ஆடு மேய்க்கிறவளுடைய குரல் எதிர்ச்சரிவில் நிற்கிறவளுக்கு எட்டவேண்டும்; காற்று அதைக் கலைத்துவிடாதபடி அடியின் கடைசி அசையை நீட்டிப் பிடிக்கவேண்டும்; மூச்சு முடிகிற இடத்தில் குரலைத் தானாக இறங்கவிட வேண்டும். வருஷக்கணக்கில் இதைச் செய்த தொண்டைக்குக் கிடைத்த அப்பியாசம், கதவைச் சாத்திக்கொண்டு அகார சாதகம் பண்ணிய தொண்டைக்குக் கிடைத்ததைவிட எந்த விதத்தில் குறைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாட்டில் அவர் குரல் நடுங்காமல், குழையாமல், தன்னைக் காட்டிக்கொள்ளும் அலங்காரம் ஒன்றும் இல்லாமல், நேராக வந்து நிற்கிறது. எதிர்மேட்டிலிருந்து ஒருவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படித் திரும்பிப் பார்ப்போமோ அப்படித்தான் அதைக் கேட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சினிமா அவரைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதுவும் முழு உண்மையாகாது. அட்டப்பாடியைச் சேர்ந்த பழனிசாமி என்ற கலைஞர் நடத்திய ஆசாத் கலாசங்கத்தில், பறையும் தவிலும் குழலும் ஜால்ராவுமாகத் தங்கள் ஆட்டபாட்டங்களை மேடைக்குக் கொண்டுபோன கூட்டத்தில் ஒருவராக, அவர் நெடுநாளாகப் பாடிவந்திருக்கிறார். கேரள நாட்டார் கலை அகாதமியின் விருதும் படத்துக்கு முன்னரே அவருக்குக் கிடைத்திருந்தது. படத்தின் இயக்குநர் சச்சி மலையின் சொந்தக் குரலைத் தேடியபோது, பழனிசாமி இவரை அழைத்துக்கொண்டுபோய் முன்னே நிறுத்தினார். இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாய் அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்தவராக வாய்த்தது அதிர்ஷ்டம். நாட்டுப்பாட்டு என்று சொல்லி வாங்கி, அதன் மேல் ஐம்பது வாத்தியங்களை ஏற்றி மூச்சுமுட்ட வைத்த எத்தனையோ பாட்டுகளை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா?

அந்தப் பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும். 'கலக்காத்த' என்ற அதன் முதற்சொல்லுக்குக் கிழக்குப் பக்கத்தது என்று பொருள். அந்தத் திசையில் ஒரு மரம் பூத்திருக்கிறது. அடுத்த கண்ணியில் வேறு ஒரு திசை, வேறு ஒரு மரம். அழைப்பு மட்டும் மாறுவதில்லை. இடுப்பில் குழந்தையைச் சுமந்துகொண்டு முற்றத்தில் நிற்கும் தாய் நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிக் காட்டுவதாகவே என் மனத்தில் அது படிந்திருக்கிறது. மரமும் பூவும் எந்த நாட்டுப்பாட்டிலும் உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த விமானம். பழங்குடிப் பாட்டு என்றால் உலகம் தோன்றிய நாள்தொட்டு ஓர் எழுத்துக்கூட மாறாமல் வந்துகொண்டிருப்பது என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு சொல்லை யோசித்துப் பார்க்கவேண்டும். பீளமேட்டுக்கோ சூலூருக்கோ போகும் விமானம் மலைக்கு மேலே சத்தமிட்டுக்கொண்டு கடக்கும்போது அண்ணாந்து பார்த்த ஒரு பெண், அதையும் பூத்த மரத்தோடு சேர்த்துப் பாட்டில் வைத்திருக்கிறாள். பிரபந்தங்களில் தேவர்கள் ஏறி வரும் விமானம் என்ற அந்த வடசொல், மலையுச்சியில் ராகியும் சாமையும் விதைக்கிறவள் வாயில் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது! பழைய அச்சில் புதிய காலத்தை ஊற்றுகிற இந்தக் காரியத்துக்குப் பெயர் கவித்துவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே படத்தில் அவர் எழுதிப் பாடிய 'தெய்வமகளே' என்ற இன்னொரு பாட்டு துயரத்தின் பாட்டு. அதை நான் இரண்டு முறைக்கு மேல் கேட்கத் துணியவில்லை.

சச்சி, படம் வந்த அந்த 2020-ஆம் வருஷமே ஜூன் 18-ஆம் தேதி காலமானார். தாம் கொண்டுவந்த குரல் எதுவரை போயிற்றென்பதை அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2022 ஜூலை 22-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், சிறந்த இயக்குநர் என்ற கௌரவம் மறைந்த சச்சிக்கும், சிறந்த பின்னணிப் பாடகி என்ற கௌரவம் நஞ்சியம்மாவுக்கும் கிடைத்தன. சந்தால் குலத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தது அதற்கு முந்திய நாள். செப்டம்பர் 30-ஆம் தேதி டெல்லியில் அந்த ஒரு பழங்குடிப் பெண்மணியின் கையிலிருந்து இந்தப் பழங்குடிப் பெண்மணி விருதை வாங்கிக்கொண்டபோது, மண்டபத்திலிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இடையில் ஒரு சர்ச்சை கிளம்பியது. முறையான சங்கீதப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு, சுருதியைக் கொடுத்து வேறொரு பாட்டைப் பாடச் சொன்னால் பாட இயலாத ஒருவருக்கு, நாட்டின் தலைசிறந்த பாடகி என்ற பட்டம் தகுமா என்று இசைத்துறையைச் சேர்ந்த ஒருவர் கேட்டார். பாடகர்கள் பலர் உடனே நஞ்சியம்மாவின் பக்கம் நின்று பதில் சொன்னார்கள். நஞ்சியம்மாவோ அதை மனத்தில் வைத்துக்கொள்ளவேயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் தீய எண்ணத்தோடு கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாளைச் சங்கீதத்துக்குக் கொடுத்தவர்களுக்கு, அந்த உழைப்பின் அளவுகோலுக்குள் அடங்காத ஒன்று முதற்பரிசு பெறும்போது நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு பெரிய மறதி இருந்தது. நஞ்சியம்மாவைப் பின்னணிப் பாடகியாக மட்டுமே அது கண்டது. வேறொருவர் மெட்டில் வேறொருவர் வார்த்தையைப் பாடுவது ஒரு வித்தை. பாட்டையே கட்டிக் கொண்டுவந்து பாடுவது வேறு வித்தை. இரண்டாவதைச் செய்கிறவரை முதலாவதின் பரீட்சையில் உட்காரவைத்துத் தோற்றுப்போனார் என்று சொல்வது நியாயமாகாது.

தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடுகிற நாட்டுப்புறத்தாருக்கு அமெரிக்காவில் பெரிய கௌரவம் உண்டு. 'கன்ட்ரி மியூசிக்' என்று அவர்கள் கொண்டாடும் சங்கீதத்தின் உயிரே அவர்கள்தாம். அந்த உலகத்தில் லொரெட்டா லின் என்ற பெயரை அறியாதவர் இல்லை. கென்டக்கி மாநிலத்தின் மலைக்குள்ளே, புட்சர் ஹாலோ என்ற பள்ளத்தாக்கில், 1932-ல் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பதினைந்து வயதில் மணமாகி, அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பெற்று, கணவர் வாங்கிக்கொடுத்த மலிவான கித்தாரில் தாமாகவே வாசிக்கக் கற்று, தம்முடைய வீட்டையும் வறுமையையும் சண்டைகளையும் அப்படியே பாட்டாக்கியவர் அவர். சுரங்கத் தொழிலாளியின் மகள் என்பதையே தலைப்பாக வைத்து அவர் எழுதிய பாட்டு 1970-ல் வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கன்ட்ரி சங்கீதச் சங்கத்தின் வருஷத்துச் சிறந்த கலைஞர் என்ற பட்டத்தைப் பெற்ற முதல் பெண்ணானார். அவர் காலமானது 2022 அக்டோபர் 4-ஆம் தேதி. டெல்லியில் நஞ்சியம்மா விருது வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. பள்ளிக்கூடத்தை அதிகம் காணாத இரண்டு மலைப்பெண்கள் என்று அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாள் இருந்தது. யோசிக்க யோசிக்க ஒரு வேற்றுமை பெரிதாகத் தெரிந்தது. லொரெட்டாவின் பாட்டு 'நான்' என்று ஆரம்பிக்கிறது. நஞ்சியம்மாவின் பாட்டில் அந்த 'நான்' எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. அது மரத்தைக் காட்டுகிறது, விமானத்தைக் காட்டுகிறது. காட்டுகிற விரலை மட்டும் மறைத்துக்கொள்கிறது.

நம்மிடத்திலும் இப்படிப் பாட்டுக் கட்டிப் பாடியவர்கள் இல்லாமலில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக அவர் பாட்டும் மலையேறி அந்தப் பக்கம் போயிற்று. கொல்லங்குடிக் கருப்பாயி வயல்வேலையில் பழகிய பாட்டோடு வானொலிக்குப் போய், 1985-ல் 'ஆண்பாவம்' படத்தின் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் அறிந்த முகமானார். இருவரும் எனக்கு மிகவும் பிரியமானவர்கள். இன்னொரு சமயம் அவர்களைப் பற்றி விரிவாக எழுதவேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரி சங்கீதத்தின் மூலபுருஷர்களில் ஒருவராக மதிக்கப்படும் ஏ. பி. கார்ட்டர் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரத்துக்குப் போய்த் தம் குடும்பத்தோடு இசைத்தட்டுக்குப் பாடிய பிறகு, மேலும் பாட்டுகள் வேண்டுமென்று அப்பலாச்சிய மலைகளில் ஊர் ஊராகத் திரிந்து சேகரித்தார். அவரோடு கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கித்தார்க் கலைஞர். சிமெண்டு ஆலை விபத்து ஒன்றில் காலை இழந்தவர். கிராமத்தார் பாடுவதன் வார்த்தைகளைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் தம் நினைவில் ஏற்றிக்கொண்டுவந்து கார்ட்டர் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பார். இசைத்தட்டில் கார்ட்டரின் பெயர் அச்சாயிற்று. உரிமைத்தொகை அந்தப் பெயருக்குப் போயிற்று. ரிடிலின் பெயரை உலகம் அறிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. பாடிக்காட்டிய கிராமத்தாரின் பெயர்களோ ஒரேயடியாக மறைந்துபோயின. ஊர்ப்பாட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை என்ற எண்ணம் கேட்பதற்கு மிக உயர்ந்ததாக இருக்கிறது. அந்த எண்ணத்தின் நிழலில் யார் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கணக்குப் பார்த்தால்தான் அதன் மறுபுறம் தெரியவருகிறது. நம் சினிமாவிலும் வயற்காட்டு மெட்டுகளும் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் எத்தனை வந்திருக்கின்றன! அவற்றைப் பாடிக்காட்டிய கிழவியின் பெயரை எத்தனை இசைத்தட்டுகளில் பார்த்திருக்கிறோம்?

மலைஜனங்களுக்கு இது புதிய அனுபவமன்று. நிலத்தின் விஷயத்தில் அவர்கள் இதை முன்னமே அனுபவித்திருக்கிறார்கள். நிலம் ஊருக்குப் பொது, மூப்பன் சொன்ன இடத்தில் இந்த வருஷம் விதைப்பது, அடுத்த வருஷம் வேறு இடத்துக்குப் போவது என்று காடெரித்துப் பயிர்செய்து வாழ்ந்தவர்களிடம் பத்திரம் என்ன இருக்கும்? கீழேயிருந்து வந்தவர்களிடம் பத்திரம் இருந்தது. பத்திரம் எழுதத் தெரிந்தவர்களும் கூட வந்தார்கள். 1951-ல் அட்டப்பாடியின் ஜனத்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு பழங்குடியினர். 2011-ல் அவர்கள் பாதிக்கும் குறைவாகிவிட்டார்கள். கைமாறிய பழங்குடி நிலங்களை மீட்டுக்கொடுப்பதற்காகக் கேரள சட்டமன்றம் 1975-லேயே சட்டம் இயற்றியது. அதைக் காரியத்தில் காட்டுவதற்குத்தான் அரசுகளுக்கு மனம் வரவில்லை. தேசிய விருது வாங்கிய நஞ்சியம்மாவின் குடும்பத்து நிலமும் இப்படிப்பட்ட வில்லங்கத்தில் சிக்கி, அதற்காக அவர் மன்றாட வேண்டியிருந்தது என்று பத்திரிகைகளில் படித்தேன். குடியரசுத் தலைவர் கையால் கௌரவிக்கப்பட்ட கிழவியார் தம் குடும்பத்து மண்ணுக்காக மனுப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்ற செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையினால்தான் அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலில் 'பாடல் எழுதியவர்: நஞ்சியம்மா' என்று வந்ததை நான் ஒரு பட்டாவாகப் பார்க்கிறேன். அந்த மெட்டின் வேர் அவருடைய தாய்மார்களிடமும் அவர்களுடைய தாய்மார்களிடமும் போய்ச் சேரும் என்பதை அவரே மறுக்கமாட்டார். மூத்தவர்களிடம் கற்றேன் என்று தாமே சொல்கிறவர் அவர். இருந்தாலும் கடைசியாக உழுதவள், விமானத்தை உள்ளே வைத்தவள், தன் மூச்சால் அதை உலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள். 'மரபுப் பாட்டு' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு யாருக்கும் எதுவும் கொடுக்காமல் போயிருக்கலாம். சச்சியும் அவரைச் சேர்ந்தவர்களும் அப்படிச் செய்யவில்லை. விருதைவிடவும் இந்த ஒரு வரி பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். விருது ஒரு முறை கிடைப்பது. பெயர் ஒவ்வொரு முறை பாட்டு ஒலிக்கும்போதும் கூடவே இருப்பது.

இருந்தும் எனக்கு ஒரு பயம் இருந்தது. வேலி போட்ட நிலத்தில் வழிநடைப் பாதை அடைபட்டுப்போவதுபோல், பெயர் எழுதிய பாட்டும் அடைபட்டுப்போகுமோ? இனி அதை யாரும் தொடமாட்டார்களோ? கைப்பேசியில் உறைந்துபோன ஒரே வடிவத்தை எல்லோரும் ஒப்பித்துக்கொண்டிருப்பார்களோ? மரங்களும் திசைகளும் மாறிக்கொண்டே போகும்படி கட்டப்பட்ட பாட்டு, இன்ன மரம், இன்ன திசை என்று எண்ணி முடிக்கப்பட்டுவிட்டால், அதுவும் ஒரு சாவுதானே?

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், பூலுவபட்டிப் பக்கத்தில் ஒரு சிநேகிதர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வெங்காயப் பட்டறையைப் பிரித்துப்போட்டிருந்தார்கள். ஓலைக்கொட்டகையின் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தின் தாளை அரிவாள்மணையில் அறுத்து அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சருகு பறந்து அவர்கள் தலையிலும் தோளிலும் செம்பொடியாக அப்பியிருந்தது. காரம் என் கண்ணைக் கரித்தது, அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவர்களில் இரண்டு பேர் மலையடிவாரத்துப் பதியிலிருந்து வந்தவர்கள். இளையவள் மடியில் கிடந்த கைப்பேசியில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அவள் வாய்க்குள்ளேயே முனகினாள். கூடை நிறைந்து அடுத்த கூடையை இழுத்துப்போட்டபோது வாய்விட்டே பாடினாள். கைப்பேசி ஓய்ந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நஞ்சியம்மாவின் கண்ணிகள் முடிந்த இடத்திலிருந்து அதே மெட்டில், மேற்குப் பக்கத்துப் புளியமரம் ஒன்றைப் பூக்கவைத்தாள். விமானம் வரவேண்டிய இடத்தில் அவள் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கொட்டகை முழுவதும் சிரித்தது. முந்தின வாரம்தான் யானை இறங்கி அந்தத் தோட்டத்து வாழையை மிதித்துவிட்டுப் போயிருந்தது.

"யாரு பாட்டு அம்மிணி இது?" என்று கேட்டேன்.

அவள் தலை நிமிராமல் ஒரு வெங்காயத்தை அறுத்து முடித்தாள். "நஞ்சியம்மா பாட்டுங்கய்யா" என்றாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "ஆனை மட்டும் என்றதுங்க" என்றாள்.